பார்த்துக்கொள்வதும் பார்ப்பதும்

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு புது விருந்தாளி வந்து சேர்ந்தது. பெங்களூரில் படிக்கும் என் மகள் பொங்கல் விடுமுறைக்குத் திருச்சிக்கு வரும்போது, ரயிலில் இரவு முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு அதை எடுத்து வந்தாள். ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் தடித்த இலைகள் ஐந்து. நடுவிலிருந்து எழுந்து வளைந்த காம்பில் ஏழு வெள்ளைப் பூக்கள். நிஜப் பூவா, காகிதப் பூவா என்று தொட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

"ஆர்க்கிட் அப்பா. இரண்டு மாதம் வாடாது" என்றாள். விலையைச் சொன்னாள். அந்த விலைக்கு நான் ஒரு வருஷத்துக்கு மல்லிகைப் பூ வாங்கி வீட்டுக்குக் கொடுத்திருப்பேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேனே தவிர, வெளியில் சொல்லவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தச் செடிக்கு வந்த யோகத்தைச் சொல்லி முடியாது. காலையில் எழுந்ததும் நான் தண்ணீர் விட்டேன். நான் விட்டது தெரியாமல் என் மனைவி பத்து மணிக்கு அரிசி கழுவிய நீர் விட்டாள். எதிர் வீட்டு மாமி காபிச் சக்கை நல்ல உரம் என்று ஒரு கரண்டி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். தொட்டியில் மண்ணே இல்லை, வெறும் மரப்பட்டைத் துண்டுகள்தாம் இருந்தன. கடைக்காரன் குழந்தையை ஏமாற்றிவிட்டான் என்று இரக்கப்பட்டு, நானே கொல்லையிலிருந்து செம்மண் இரண்டு கை அள்ளி நிரப்பினேன். பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பங்குனி பிறப்பதற்குள் இரண்டு இலைகள் மஞ்சளாகித் துவண்டுவிட்டன.

மகள் தொலைபேசியில் கேட்டாள்: "செடியை நல்லாப் பார்த்துக்கிறீங்களா அப்பா?"

"பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்றேன். சொன்ன மாத்திரத்தில் நெஞ்சில் ஏதோ தைத்தது. இதே வார்த்தையை, இதே போன்ற ஒரு செடியை வைத்துக்கொண்டு, வேறொருவரிடம் நான் ஒரு சமயம் சொல்லியிருக்கிறேன். அது நடந்த இடம் நார்த்தாமலை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனவர்கள் அந்தக் குன்றுகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கீரனூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், சமவெளியில் யாரோ யானைக் கூட்டத்தைப் படுக்க வைத்தது போல் மொட்டைப் பாறைகள் எழும்பி நிற்கும். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அநுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டுகளே இவை என்பது ஊர்க் கதை. அதனால் இந்த மலைகளில் கிடைக்காத மூலிகை இல்லை என்றும் சொல்வார்கள். நாரதர் மலைதான் நார்த்தாமலை ஆயிற்று என்பது ஒரு கட்சி. நகரத்தார் மலை என்பதே மருவிற்று என்பது கல்வெட்டுப் படித்தவர்கள் கட்சி. நகரத்தார் என்றால் இங்கே பழங்கால வணிகர் சபை. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, எனக்குக் கல்யாணமான புதிது. மாமனார் ஊர் கீரனூர். பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் முடித்து, பெண்கள் வளையல் கடையில் நுழைந்த நேரத்தில் நான் மெல்ல நழுவி மலையடிவாரப் பக்கம் நடந்தேன். ஓர் ஊருணிக் கரையில் வயதான இலுப்பை மரம் ஒன்று நின்றது. அதன் கிளைக் கவட்டில், மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத வார்வாரான இலைகளோடு ஒரு செடி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு பூங்கொத்து. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாய் வரி போட்ட இதழ்கள். நடுவே ஊதா நிறத்தில் ஒரு நாக்கு. அருகில் போனால் இதமான ஒரு மணம்.

மனைவிக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கரைமேல் ஏறி நின்று, கைக்கு எட்டிய அந்தச் செடியைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. தடித்த வெள்ளை வேர்கள் கயிறு போலக் கிளையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தன. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வேர்கள் பட்பட்டென்று அறுந்தன. மரப்பட்டையும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது.

கீழே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் அப்பு, அது என்ன பாவம் பண்ணுச்சு? அங்கன சிவனேன்னு கெடந்துச்சே" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கப்போகிறேன் தாத்தா. நல்லாப் பார்த்துக்குவேன்" என்றேன்.

அவர் என்னையும் செடியையும் மரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பாத்துக்குவீக, சரி. மொதல்ல அதைப் பாத்தீகளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பட்டிக்காட்டுக் கிழவர் ஏதோ உளறுகிறார் என்று நான் நினைத்தேன். செடியை மண்தொட்டியில் வைத்து, வேர் முழுவதும் மறையும்படி வண்டல் மண் போட்டு மூடி, எரு வைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றரை மாதத்தில் அது அழுகி நாறிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தொட்டியைக் கழுவிக் கொத்தமல்லி விதைத்தாள்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று அறிய இத்தனை வருஷம் கழித்து நான் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. புரட்டியதில் ஓர் ஆறுதல் கிடைத்தது. உலகத்தில் நான் மட்டும் முட்டாள் இல்லை. மகா புத்திசாலிகளான துரைமார்கள், அதுவும் லட்சம் லட்சமாகப் பணம் செலவழித்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நான் செய்த தவற்றையே செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் நான் பறித்த செடியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இந்த இனத்துக்கு மரவாழை என்று பெயர். அழகான பெயர், மரத்தின்மேல் வாழும் வாழை. மலையாளத்திலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிபராக இருந்த வான் ரீட் என்பவர் தொகுத்து, 1678-லிருந்து 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலில், நம் மேற்குக் கரையின் மரவாழைகளுக்குப் படம் போட்டு, ஊர் வைத்தியர்கள் சொன்ன பெயரையே லத்தீன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். 'பொன்னாம்பூ மரவாழை' என்று ஒன்று. 'ஆஞ்சிலி மரவாழை' என்று இன்னொன்று. ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸ், 1753-ல் அந்தப் பொன்னாம்பூவுக்கு லத்தீன் பெயர் வைத்தபோது ரீடின் புத்தகத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டார்.

அந்த லின்னேயஸின் மாணாக்கர் ஒருவர் நம் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்தார். கோனிக் என்று பெயர். 1768-ல் மிஷனுக்கு வைத்தியராக வந்தவர், நோயாளிகளைவிடச் செடிகளையே அதிகம் கவனித்தார் என்று தோன்றுகிறது. ஆர்க்காட்டு நவாபிடம் கொஞ்ச காலம், கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்து, 1785-ல் ஆந்திரக் கரையில் காலமானார். அவருடைய சிநேகிதரான வில்லியம் ராக்ஸ்பர்க் 1776-ல் சென்னைக்கு உதவி வைத்தியராக வந்தவர். சாமல்கோட்டையில் இருந்தபோது இந்திய ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, சோழமண்டலக் கரையின் செடிகளையெல்லாம் உயிரோடு இருப்பது போலவே வரையச் செய்தார். அந்தப் படங்களில் 300 மட்டும் 1795 முதல் 1820 வரை லண்டனில் அச்சாயின. முதல் பாகத்திலேயே, நான் இலுப்பை மரத்திலிருந்து பிய்த்தெடுத்தேனே, அந்தக் கட்டம் போட்ட பூ இருக்கிறது.

அந்தப் படத்தை வரைந்த ஓவியரின் பெயர் நூலில் இல்லை. ஆனாலும் என் மனசில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. ஒன்றை வரைய வேண்டுமானால் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். ஆட்டுக்காரப் பெரியவர் என்னிடம் கேட்டதை அவர் செய்தார்.

இனி, பெயர் வந்த கதை. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்து சம்ஸ்கிருதம் படித்த வில்லியம் ஜோன்ஸ், வங்காளத்து மாமரங்களில் தொற்றி நிற்கும் இந்தச் செடியை 'வந்தா' என்ற சம்ஸ்கிருதப் பெயராலேயே வருணித்தார். அவர் இறந்த மறு வருஷமான 1795-ல் அந்தக் குறிப்பு அச்சாயிற்று. 1820-ல் ராபர்ட் பிரௌன் என்ற தாவர சாஸ்திரி அந்தப் பெயரையே ஒரு குலத்துக்குச் சூட்டினார். நம் செடிக்கு 'வந்தா ராக்ஸ்பர்க்கி' என்று பட்டம் கிடைத்தது. இன்று 'வந்தா டெசலேட்டா' என்கிறார்கள். கட்டம் போட்டது என்று அர்த்தம்.

லண்டனுக்குப் போன அந்த வந்தா, ஜோசப் பாங்க்ஸ் என்ற பிரபுவின் கண்ணாடி வீட்டில் பூத்தது. அது எப்படிப் பூத்தது என்பதுதான் வேடிக்கை. பாங்க்ஸ் மரவாழைகளைத் தொட்டியில் நட்டு மண்ணால் மூடவில்லை. லேசான பிரம்புக் கூடையில், மக்கிய இலையும் பாசியும் கொஞ்சம் வைத்து, வேர் வெளியே காற்று வாங்கும்படி விட்டார். அவர் இளமையில் காப்டன் குக்கோடு கப்பலேறி உலகத்தைச் சுற்றியவர். மரவாழைகள் காட்டில் எப்படி வாழ்கின்றன என்று நேரில் கண்டவர். அவர் 1820-ல் காலமானார். அவரோடு அந்தப் புத்தியும் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து வந்த காலத்தில் இங்கிலாந்தின் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. 'இது உஷ்ண தேசத்துச் செடி. ஆகையால் உஷ்ணம் வேண்டும், ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும்' என்று தீர்மானித்தார்கள். பேர்பெற்ற சாஸ்திரியான லிண்ட்லியே 1830-ல் அப்படித்தான் யோசனை சொன்னார். கண்ணாடி வீட்டைக் கட்டி, ஜன்னல்களை அடைத்து, இரவும் பகலும் நிலக்கரி எரித்து, நீராவி பரப்பி, நம் ஊர்ச் செடிகளை இட்டிலி அவிப்பது போல் அவித்தார்கள். செடிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. செத்தவற்றுக்குப் பதிலாக மேலும் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். அயனமண்டல ஆர்க்கிட்டுகளுக்கு இங்கிலாந்தே சுடுகாடு என்று அந்நாட்டவர்களே சொல்லும்படி ஆயிற்று.

இதற்கு ஈடு கொடுக்கக் காடுகள் என்ன பாடுபட்டன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லுகிறேன். அஸ்ஸாமுக்குத் தெற்கே காசி மலைகளில் நீல வந்தா என்று ஒரு மரவாழை. ஆகாய வர்ணத்தில் பூக்கும். கியூ தோட்டத்தைச் சேர்ந்த ஜோசப் ஹூக்கர் 1850-ல் அங்கே போனபோது, ஏழு ஆள் சுமை அளவு பறித்துச் சீமைக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை வெகு சொற்பம். அதே சமயம் வேறொரு கனவான் தம் தோட்டக்காரனை உடன் அனுப்பி இடத்தைத் தெரிந்துகொண்டு, ஒரே ஓர் ஆள் சுமை அனுப்பினார். அரைகுறை உயிரோடு போன அது 300 பவுனுக்கு விலைபோயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? அந்த மலைகளில் நீலம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நம் நாட்டின் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில், புலியையும் யானையையும் காப்பாற்றும் அதே சட்டத்தில், நீல வந்தாவின் பெயரையும் பிற்பாடு சேர்க்க வேண்டியதாயிற்று. சர்வதேச ஒப்பந்தம் ஒன்றும் 1973-ல் கையெழுத்தாயிற்று. இன்று காட்டு ஆர்க்கிட் எதையும் இஷ்டப்படி கடல் கடத்த முடியாது.

துரைமார்களுக்குப் புத்தி எப்படித் திரும்பிற்று? சிலர் போய்ப் பார்த்ததால் திரும்பிற்று. டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத் தலைவரான பாக்ஸ்டன், 1835-ல் கிப்ஸன் என்ற இளைஞரை இந்தியாவுக்கு அனுப்பினார். அவர் காசி மலைகளில் திரிந்து, செடிகளை மட்டுமல்லாமல், அவை எந்த உயரத்தில், எவ்வளவு குளிரில், எத்தகைய காற்றில் வளர்கின்றன என்ற விவரத்தையும் அறிந்து வந்தார். பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டின் ஜன்னல்களைத் திறந்து விட்டார். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு தட்பவெப்பம் ஏற்படுத்தினார். செடிகள் பிழைத்தன. பேட்மன் என்ற செல்வந்தர் 1860-களில், மலையுச்சி ஆர்க்கிட்டுகளுக்கு வெப்பமே கூடாது, குளிர்ந்த அறைதான் வேண்டும் என்று பிரசாரம் செய்தார்.

மரவாழை புல்லுருவி இல்லை. புல்லுருவி மரத்தின் ரத்தத்தை உறிஞ்சும். மரவாழை மரத்திடம் உட்கார இடம் மட்டுமே கேட்கும். உணவுக்கு வெயிலும், மழைநீரில் கரைந்து வழியும் தூசியும், உதிர்ந்த சருகும் போதும். அதன் வேரைச் சுற்றிலும் வெள்ளைக் கம்பளி போல் ஒரு போர்வை இருக்கிறது. மழை பெய்தால் கண நேரத்தில் நீரைக் குடித்துப் பச்சையாகும். காய்ந்தால் மறுபடி வெள்ளி நிறம் ஆகும். நனைய வேண்டும், உடனே காய வேண்டும். இதுதான் அதன் சுவாசம். மண்ணுக்குள் புதைத்து எந்நேரமும் ஈரமாக வைப்பது, மூச்சுவிடும் பிராணியைத் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பதற்குச் சமம். இதைத்தான் நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், அதுவும் பாசத்தோடு.

என் மகள் வாங்கி வந்தது வேறு குலம். ஃபலினாப்சிஸ் என்பார்கள். 1825-ல் ப்ளூம் என்ற டச்சுக்காரத் தாவர சாஸ்திரி வைத்த பெயர். அந்துப்பூச்சி போன்றது என்று பொருள். காட்டுக்குப் போய் யாரும் அதைப் பறிக்கவில்லை என்று அறிந்தபோது எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. ஆர்க்கிட்டின் ஒரு காயில் விதைகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் தூசி போன்ற அந்த விதைக்குள் கட்டுச்சோறு கிடையாது. எத்தனை விதைத்தாலும் முளைக்கவில்லை என்று தோட்டக்காரர்கள் தவித்தார்கள். 1899-ல் நோயேல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர், மண்ணிலும் மரப்பட்டையிலும் உள்ள ஒருவகைக் காளான் இழை வந்து ஊட்டினால்தான் அந்த விதை கண் விழிக்கிறது என்று கண்டுபிடித்தார். 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன், காளானுக்குப் பதில் சர்க்கரை கலந்த கூழிலேயே புட்டிக்குள் முளைக்க வைத்துக் காட்டினார். 1960-ல் ஜார்ஜ் மொரெல் என்ற பிரெஞ்சுக்காரர், குருத்தின் நுனியைக் கிள்ளி ஒன்றைப் பலவாக்கும் வித்தையைச் சொன்னார். பிரபுக்கள் சொத்தை விற்று வாங்கிய பூ, அதனால்தான் இன்று மத்தியதரக் குடும்பத்து ஜன்னலுக்கு வந்திருக்கிறது.

வந்திருப்பது அநேகமாகத் தாய்லாந்து போன்ற கீழ்த்திசை நாடுகளின் வழியில். இந்த இடத்தில்தான் நார்த்தாமலை வணிகர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற மாபெரும் வணிகர் கூட்டத்தோடு அந்த ஊருக்குச் சம்பந்தம் உண்டு. அதே ஐந்நூற்றுவர் 1088-ல் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தருகே தமிழில் ஒரு கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 9-ஆம் நூற்றாண்டில், தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னுமிடத்தில் இன்னொரு தமிழ்க் கல்வெட்டு. அது ஒரு குளத்தைப் பற்றியது. அவனிநாரணம் என்ற அந்தக் குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்து வணிகர் முதலானவர்களுடையது என்று அது சொல்கிறது. மரவாழைகள் மலிந்த அந்தக் காடுகளின் ஓரத்தில் நம்மவர்கள் கடை விரித்திருந்தார்கள். பூவை வேரோடு பிடுங்கி வந்ததாகக் கல்வெட்டு எதுவும் இல்லை. ஒரு குளத்தைக் காத்ததாக இருக்கிறது. எனக்கு ஏனோ அதில் ஒரு சந்தோஷம்.

சரி, கதை கிடக்கட்டும், செடி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பீர்கள். படித்த அன்றே தொட்டியைக் கவிழ்த்தேன். என் செம்மண்ணையும் மாமியின் காபிச் சக்கையையும் உதறினேன். கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்ட வேர்களைக் கத்தரித்தேன். கெட்டியாக இருந்தவை மூன்றே மூன்று. அடுப்புக்கரித் துண்டும் மரப்பட்டையும் மட்டும் போட்டு, பக்கமெல்லாம் துளையிட்ட தொட்டியில் அதை உட்கார வைத்தேன். வெயில் நேராக விழாத, ஆனால் புத்தகம் படிக்கத் தாராளமாக வெளிச்சம் இருக்கிற கிழக்கு ஜன்னலில் இடம் கொடுத்தேன். மின்விசிறியின் காற்று லேசாக வந்து போகும்.

வீட்டில் ஓர் அவசரச் சட்டமும் பிறப்பித்தேன். கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் விடக் கூடாது. வேரைப் பார்த்துத்தான் விட வேண்டும். பச்சையாக இருந்தால் கை வைக்கக் கூடாது. வெள்ளி நிறம் ஆனால், காலை வேளையில், வழிந்து ஓடும்படி நீர் விட்டு, அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். குருத்துக்குள் தண்ணீர் நிற்கக் கூடாது, நின்றால் அழுகும். உரம் என்றால் நீர்க்கக் கரைத்தது, அதுவும் புது இலை விடும் காலத்தில் மட்டும். வாரத்துக்கு மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று சில அமெரிக்க வியாபாரிகள் சீட்டில் அச்சடித்துத் தருகிறார்களாம். பாவம், அவர்களும் செடியைப் பார்க்கவில்லை. வாங்குகிறவரின் சோம்பலைப் பார்த்திருக்கிறார்கள்.

பூ உதிர்ந்தால் செடி செத்தது என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை அறியாமல் எத்தனையோ வீடுகளில் உயிருள்ள செடியைக் குப்பையில் போடுகிறார்கள். இரவுகள் கொஞ்சம் குளிர்ந்தால்தான் அதற்குப் பூக்கும் நினைவு வரும். திருச்சியில் அதற்கு மார்கழிதான் கதி. அதுவரை பொறுக்க வேண்டும். வந்தாவை வளர்க்கிறவர்கள் நர்சரியில் வளர்த்ததாகப் பார்த்து வாங்கி, மரக்கூடையிலோ மட்டையிலோ கட்டி, வேரைத் தொங்கவிட்டு, தாழ்வாரத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்தால் போதும். தினமும் காலையில் ஒரு குளியல். மத்தியானத்துக்குள் அது காய்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். தோட்டம் போட்டு வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏற்காட்டுக்குப் போகலாம். இந்தியத் தாவர ஆய்வுத் துறையார் அங்கே ஆர்க்கிட்டுகளுக்கென்றே ஒரு தோட்டம் நடத்துகிறார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் நார்த்தாமலைக்குப் பஸ் ஏறினேன். முதலில் மேலமலை மீது ஏறி விஜயாலய சோழீச்வரத்துக்குப் போனேன். சாய்ந்து கிடக்கும் பாறையின்மேல், மேற்கே பார்த்த ஒரு சின்னக் கற்றளி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறு கோயில்கள். எதிரே குடைவரையில் பன்னிரண்டு திருமால்கள் ஒரே அச்சில் வார்த்தது போல் வரிசையாக நிற்கிறார்கள். கோயிலுக்கு விஜயாலய சோழன் பெயர் வழங்கினாலும், கட்டியவன் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் என்று கல்வெட்டுச் சொல்கிறது. அவன் கட்டியது மழையில் இடிந்து அழிந்ததாம். மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தானாம். கட்டியவன் ஒருவன், பெயர் வாங்கியவன் ஒருவன், இடிந்ததைக் கவனித்துச் சரிசெய்தவன் ஒருவன். ஆயிரத்து நூறு வருஷத்துக்குமேல் அந்தக் கல் நிற்பதற்கு மூன்றாமவனுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இங்கே மழை இடித்திருக்கிறது, ஆகையால் இப்படிக் கட்ட வேண்டும் என்று அவனும் முதலில் பார்த்துத்தானே இருப்பான்?

இறங்கி ஊருணிக் கரைக்கு வந்தேன். இலுப்பை மரம் இருந்தது. நான் பட்டையைப் பெயர்த்த இடம் மூடி வடு ஆகியிருந்தது. அந்தக் கவட்டில் எதுவும் இல்லை. ஆனால் இன்னும் உயரத்தில், என் கைக்கு எட்டாத ஒரு கிளையில், வார் இலைகளோடு இன்னொரு வந்தா உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு பூங்கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

கரையில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் மரத்தின் இலைகளில் சலித்து, செடியின்மேல் காசு காசாக விழுந்தது. ஊருணியின் மேலாகக் காற்று வந்து வேர்களை அசைத்தது. சில வேர்கள் பட்டையோடு ஒட்டி ஓடின. சில ஒன்றையும் பற்றாமல் ஆகாயத்தில் தொங்கின. கொஞ்ச நேரத்தில் ஒரு தூறல் தூறி நின்றது. என் கண்ணெதிரே வெள்ளி வேர்கள் பச்சையாயின. கால் மணியில் மறுபடி வெளுக்கத் தொடங்கின. புத்தகத்தில் படித்ததெல்லாம் அங்கே எழுதி வைத்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாழிகை அங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் வந்தான். "என்ன பாக்குறீக?" என்று கேட்டான்.

"செடியைப் பார்க்கிறேன் தம்பி."

"பறிச்சுத் தரவா? நான் ஏறுவேன்" என்றான்.

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்" என்றேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு ஆடுகளின் பின்னால் போனான். அந்தப் பெரியவரைப் பற்றி அவனிடம் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். பெயர்கூடத் தெரியாது; எப்படி விசாரிப்பது? விட்டுவிட்டேன்.

எங்கள் ஜன்னல் செடி இன்னும் பூக்கவில்லை. ஒரு புது வேர் மட்டும் விட்டிருக்கிறது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது, நுனியில் பச்சை. முன்பாக இருந்தால் அதைப் பிடித்து மண்ணுக்குள் சொருகியிருப்பேன். இப்போது தினமும் காலையில் காபித் தம்ளரோடு அதன் எதிரே போய் நிற்கிறேன். அநேக நாட்களில் அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றும் இருப்பதில்லை. பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.